எங்க வீட்டுப் புல்தரையும் நான் எழுதின தப்புக் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கும் புல்தரைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. கேன்டீன் பரோட்டா பற்றியும் பங்குச்சந்தை பற்றியும் எழுதின அதே கை, இப்போது புல்லைப் பற்றி எழுதப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இது வெறும் தோட்டக் குறிப்பு இல்லை. ஒரு மனுஷர் மேல் நான் அநியாயமாகப் பழி போட்ட கதை. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனசு வரவில்லை.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் படித்துவிட்டுக் கிளம்பலாம்: வீட்டுப் புல்தரை பழுத்துப் போனால் மேலே எதையும் கொட்டாதீர்கள். யாரையும் திட்டாதீர்கள். ஒரு கத்தியை எடுத்து ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் பார்ப்பதில்லை என்று அடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்தப் புள்ளிவிவரத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேருமே பார்க்கவில்லை. அது மட்டும் உறுதி :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோவையில் எங்கள் வீட்டு முன்னால் இருபதுக்கு முப்பது, 600 சதுர அடியில் ஒரு புல்தரை. 2019ல் போட்டது. கொரியன் புல். நர்சரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தாவரவியலில் இது ஜோய்சியா என்ற இனம், கார்ல் வான் ஜோய்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளரின் பெயரால் வந்தது. நெருக்கமாக, மெத்து மெத்தென்று, சினிமாவில் பணக்கார வீட்டுக்கு முன்னால் காட்டுவார்களே, அந்த ரகம். அப்பாவுக்கு அது ஒரு கனவு. முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுச் சொந்த வீடு கட்டியவர். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கையில் ஹோஸைப் பிடித்தபடி தண்ணீர் அடிப்பார். அது அவருடைய தியானம். நாங்கள் யாரும் குறுக்கே போகமாட்டோம்.

வாரம் ஒரு நாள் ஒரு தோட்டக்காரர் வருவார். அறுபதைத் தாண்டியவர். நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு அவர்தான். வெட்டுகிற மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரத்தில் புல்லைச் சீராக வெட்டி, ஓரங்களைக் கத்தரித்துவிட்டு, அம்மா கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டுப் போவார். ஒரு தடவைக்கு 400 ரூபாய். வெட்டின துணுக்குகளை அள்ளமாட்டார். அப்படியே புல் மேலேயே விட்டுவிடுவார். "அது அங்கியே கெடக்கட்டுங்க தம்பி, அதுக்குச் சோறு அதுதானுங்" என்பார்.

இந்த ஒரு வழக்கம்தான் பின்னால் அவருக்கு எமனாக வந்தது. எமனுக்கு வாகனம் அடியேன்.

2024 பிப்ரவரி வாக்கில் புல்தரை அங்கங்கே மஞ்சள் ஆக ஆரம்பித்தது. முதலில் வட்ட வட்டமாக. பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மேலே நடந்தால் ஸ்பாஞ்ச் மேல் நடக்கிற மாதிரி கால் உள்ளே போனது. சில இடங்களில் புல் மேடு மேடாகப் புடைத்துக்கொண்டு நின்றது. மெஷின் அந்த மேடுகள் மேல் ஏறும்போது உச்சியைச் சிரைத்துவிட்டுப் போகும், அங்கே வெறும் காய்ந்த தண்டு தெரியும். அப்பா தண்ணீரைக் கூட்டினார். யூரியாவைக் கூட்டினார். எறும்புப் பொடி தூவினார். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து கேட்டுக்கு வெளியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனை நோண்டிக்கொண்டு இருந்தேன். எங்கேயோ ஒரு வீடியோவில் யாரோ ஒருவர், வெட்டின புல்லை அள்ளாமல் விட்டால் அது அடியில் படிந்து புல்லை மூச்சுத் திணற வைத்துவிடும் என்று சொன்னார். அவ்வளவுதான். ஐயா உடனே நிபுணர் ஆகிவிட்டார். "அப்பா, கண்டுபிடிச்சுட்டேன். தாத்தா வெட்டுன புல்ல அள்ளறதே இல்ல. அதான் காரணம்" என்று அறிவித்தேன். அப்பாவுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் தாத்தா வந்தபோது, "இத்தன வருஷமா அள்ளாம உட்டுத் தரையவே கெடுத்துட்டீங்களே" என்று ஆரம்பித்து, "இனிமே வர வேண்டாங்க" என்பதில் முடிந்தது. தாத்தா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "புல்லுக்கு மேல பாக்கறீங்க சார், கீழ பாருங்க" என்று மட்டும் சொன்னார். மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் காபிகூடக் குடிக்கவில்லை.

அவர் சொன்னதைச் செய்ய எங்களுக்குப் பத்து வாரம் ஆனது.

மே கடைசியில், செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா கிடந்தபோது, தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சரிசெய்ய ஓரத்தில் மண்வெட்டி போட்டேன். கேக் வெட்டின மாதிரி ஒரு துண்டு வந்தது. மேலே அரை அங்குலம் பச்சை. அதற்குக் கீழே பழுப்பாக, தேங்காய் நார் அடைத்த மெத்தை மாதிரி ஒரு படை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நாலரை சென்டிமீட்டர். அதற்கும் கீழேதான் செம்மண். வேரெல்லாம் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலானவை அந்த நார் மெத்தைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கின்றன. மண்ணைத் தொட்டவை கொஞ்சம்தான். மண்ணில் நட்ட புல், மண்ணை விட்டுவிட்டுத் தன் குப்பையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தப் படைக்கு 'தேட்ச்' என்று பெயர். கூரை வேய்கிற வைக்கோலுக்கும் கீற்றுக்கும் அவர்கள் சொல்கிற அதே சொல். பொருத்தமான பெயர்தான். கூரை என்ன செய்யும்? தண்ணீரை உள்ளே விடாது. எங்கள் தரையிலும் அதுதான் நடந்தது. இந்தப் படை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஒட்டவிடாது. மேலே ஊற்றுவதெல்லாம் சறுக்கிக்கொண்டு ஓடும். ஈரமாக இருக்கும்போதோ பூஞ்சைக்கும் பூச்சிக்கும் சொகுசு பங்களா.

இது எதனால் ஆனது என்று இந்த முறை வீடியோ பார்க்காமல் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

இந்தப் படை வெட்டின புல் துணுக்கால் ஆவது இல்லை. புல்லின் ஓடுதண்டு, அடித்தண்டு, கணு, வேர் இவற்றால் ஆவது. இவற்றில் லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம், மட்குவதற்கு ரொம்ப நாள் பிடிக்கும். இலையின் நுனி அப்படி இல்லை. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வாரம் ஒருமுறை கொஞ்சமாக வெட்டிவிட்டால் அது சில வாரங்களில் மட்கி, தன்னிடம் இருந்த நைட்ரஜனைப் புல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். மாதக்கணக்கில் வளரவிட்டு, பிறகு ஒரேயடியாக வெட்டிக் குவியல் குவியலாகப் போட்டால்தான் அது கீழே உள்ள புல்லை மூடும். தாத்தா வாரம் தவறாமல் வந்தவர். "அதுக்குச் சோறு அதுதானுங்" என்று அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை.

நம்பாமல் ஒரு சோதனையும் செய்தேன். ஒரு தொட்டியில் ஈர மண்மேல் புல் நுனிகளைப் போட்டேன், இன்னொன்றில் அந்தப் பழுப்புத் தண்டுகளை. மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் தேடித்தான் பார்க்கவேண்டி இருந்தது. இரண்டாவது தொட்டியில் போட்டது போட்டபடி.

அப்படியானால் யார்தான் குற்றவாளி? கணக்குப் போடுவோம், அதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வேலை.

முதல் வரவு, யூரியா. அன்னூரில் மாமா தோட்டத்துக்கு வாங்குகிற மூட்டையிலிருந்து அப்பா ஒரு பங்கு கொண்டுவந்துவிடுவார். மாதம் அரைக் கிலோ. வருஷத்துக்கு 6 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக 2.76 கிலோ. எங்கள் தரை சுமார் 56 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 49 கிராம். ஜோய்சியா புல்லுக்கு வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் நாங்கள் ஊட்டி இருக்கிறோம். தின்றது வளரும். வளர்வது தண்டு போடும். மட்குகிற வேகத்தைவிடத் தண்டு போடுகிற வேகம் அதிகமானால் மிச்சம் அடியில் சேரும். இருப்புநிலைக் குறிப்பு மாதிரிதான், வருஷா வருஷம் மிச்சம் அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

இரண்டாவது வரவு, தண்ணீர். வாளி வைத்துப் பார்த்தேன். 20 லிட்டர் வாளி ஒண்ணேகால் நிமிஷத்தில் நிறைந்தது, நிமிஷத்துக்கு 16 லிட்டர். அப்பா பிடிப்பது நாற்பது நிமிஷம், 640 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. எங்கள் தரையில் தினமும் 11 மி.மீ.க்கு மேல் மழை! வருஷத்துக்கு 4,000 மி.மீ.யைத் தாண்டுகிறது. கோவையில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாகப் பெய்கிற மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கள் வாசலில் ஒரு மழைக்காட்டை நடத்திக்கொண்டு இருந்திருக்கிறார். மேலேயே எப்போதும் ஈரம் கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும்? நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

மூன்றாவது, செலவுப் பக்கம். மட்கவைக்கிற ஆட்களையே நாங்கள் ஒழித்துவிட்டோம். மண்புழு என்ன வேலை செய்கிறது என்று சார்லஸ் டார்வின் 1881ல் ஒரு தனிப் புத்தகமே எழுதி இருக்கிறார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் போய் வெளியே வருகிறது என்று கணக்கிட்டார். அந்தப் புழுக்கள்தான் சருகை உள்ளே இழுத்து, மேலே புது மண்ணைக் கொண்டுவந்து போட்டு, இந்தக் கூரை எழும்பாமல் பார்த்துக்கொள்பவை. பல பூச்சிமருந்துகள் அவற்றுக்கும் விஷம். மண் ரொம்பப் புளித்துப் போனாலும் அவை இருக்காது.

இதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 1856ல் ஒரு புல்வெளிச் சோதனை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் வருஷா வருஷம் ஒரே மாதிரி உரம். இன்றுவரை அந்தச் சோதனை நடக்கிறது. அதில் அம்மோனியம் சல்பேட்டை விடாமல் போட்டு, சுண்ணாம்பு எதுவும் போடாத பாத்திகளில் மண் கடுமையாக அமிலம் ஆனது. மண்புழுக்கள் இல்லாமல் போயின. மட்காத புல் ஒரு பாய் மாதிரி மேலே படிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் நாலரை வருஷத்தில் நடந்ததன் பெரியண்ணன் கதை அது. யூரியாவும் மண்ணைப் புளிக்கவைக்கிற ரகம்தான், அம்மோனியம் சல்பேட் அளவுக்கு இல்லையே தவிர.

ஆக, கணக்கை முடித்தால்: யூரியா போட்டது அப்பா. தண்ணீர் பிடித்தது அப்பா. எறும்புப் பொடி தூவியது அப்பா. பழியைத் தாத்தா மேல் போட்டது நான். வேலை போனது தாத்தாவுக்கு.

முதல் வருஷம் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா, தோழர்களே? ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு திருத்து. கைக்குக் கிடைத்த ஒருத்தர் கணக்கில் தூக்கி எழுதிவிடாதே. அந்தத் தாளில் நான் நல்ல மார்க் வாங்கினவன். ஆனால் வீட்டில் வித்தியாசம் வந்தபோது, எதிர்த்துப் பேசமுடியாத ஆள் யாரோ அவர் கணக்கில் எழுதிவிட்டேன். நான் மட்டுமா? கம்பெனியில் நஷ்டம் என்றால் முதலில் போவது காண்ட்ராக்ட் ஆட்கள். வீட்டில் பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் வேலைக்கார அம்மா மேல். காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆள் கண்டுபிடிப்பது சுலபம்.

இன்னொரு விஷயம். அப்பா ஏன் இவ்வளவு யூரியா போட்டார்? அவருக்கு அது ஓசி. மாமாவுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2018ல் யூரியா மூட்டை 45 கிலோவாக மாறியபோது அதன் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கட்டணமும் நீங்கலாக 242 ரூபாய். மிச்சத்தை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பயிர் செய்கிறவர்களுக்காக மக்கள் பணத்தில் கொடுப்பதை, நாற்காலி போட்டு உட்கார்கிற புல்லுக்கு நாங்கள் கொட்டி இருக்கிறோம். ஒரு பொருளின் விலை கைக்கு உறைக்கவில்லை என்றால் அளவும் உறைக்காது. எகனாமிக்ஸ் புத்தகத்தில் படித்ததை வாசலில் மண்வெட்டி போட்டபோதுதான் புரிந்துகொண்டேன்.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கும் வருகிறேன், இல்லை என்றால் நம்ம கிளாஸ் ஆட்கள் விடமாட்டார்கள்.

"பேசாம பேத்துட்டு டைல்ஸ் போட்டுருங்க" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். சுலபம்தான். ஆனால் டைல்ஸ் போட்ட வாசல் மத்தியானம் தோசைக்கல். பெய்கிற கொஞ்ச மழையும் மண்ணுக்குள் போகாமல் தெருவுக்கு ஓடும். தண்ணீர் இறங்கவில்லை என்பதுதானே பிரச்சினையே?

"தண்ணிக்கே தகராறு, இதுல புல்தரை ஒரு கேடா?" இது நியாயமான கேள்வி. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்டால் கொரியன் புல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடம் இருந்தால் இரண்டு மரம் வையுங்கள். ஆனால் இருக்கிற புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை வாங்குவதற்கு முன்னால், இதற்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் தேவை என்றாவது பார்க்கலாமே. வேர் மண்ணுக்குள் இறங்கின புல், கூரை மேல் குடியிருக்கிற புல்லைவிட எவ்வளவோ நாள் தாங்கும்.

"அப்போ அருகம்புல் போட்டிருந்தா இந்தத் தொல்லை இல்லையே?" என்றாள் ஒரு தோழி. இல்லை, அம்மணி. அருகம்புல்லும் ஓடுதண்டு விட்டுப் படர்கிற ஜாதிதான், தீனி அதிகமானால் அதுவும் மெத்தை போடும். அருகு போல் வேரோடி வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்துவது அதன் படர்கிற குணத்தைப் பார்த்துத்தானே? குத்துக் குத்தாக வளர்கிற புல் ரகங்களில்தான் இந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக, "அப்படின்னா மொத்தத்தையும் சொரண்டி எடுத்துடணுமா?" கூடாது. அரை அங்குலம், அதாவது ஒண்ணேகால் சென்டிமீட்டர் வரை இந்தப் படை நல்லது. மண் சூடாகாமல் காக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், கால் மிதியைத் தாங்கும். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் தாண்டும்போதுதான் தொல்லை. வருஷா வருஷம் மெஷின் வைத்துச் சுரண்டியே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

இனி நாங்கள் என்ன செய்தோம் என்று.

ஜூன் முதல் வாரம் நானும் அப்பாவும் தாத்தா வீட்டுக்குப் போனோம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் அம்மா பாடுபட்டுவிட்டார். போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. "தாத்தா, நான் சொன்னது தப்பு. உங்க மேல தப்பே இல்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கீழ பாத்தீங்களாக்கும்" என்றார். அவ்வளவுதான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "சார் அந்த வெள்ள உரத்த எடுக்கப்படாதுங்க." அப்பா தலையை ஆட்டினார்.

எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்து, சாரல் போடுகிற காலம் அது. சூட்டுப் புல் வகைகள் வேகமாக வளர்கிற பருவத்தில்தான் இதைச் செய்யவேண்டும், அப்போதுதான் காயம் ஆறும். கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் இல்லாமல் செய்தால் இருப்பதும் போய்விடும். கொரியன் புல் ஆறுவது ரொம்ப மெதுவு என்பதால் மொத்தத்தையும் ஒரே நாளில் செய்யவில்லை. தரையை மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் புல்லை ஒட்ட வெட்டினார். பிறகு இரும்புப் பல் வைத்த வாரியால், பிய்த்து இழுக்காமல், ஒரே திசையில் கோதிக் கோதி நாரை மேலே கொண்டுவந்தார். நான் பலமாக இழுத்தபோது புல் வேரோடு கையில் வந்தது. "சடையச் சிக்கெடுக்கற மாதிரிங்க தம்பி, மயிரப் புடுங்கற மாதிரி இல்ல" என்றார். ரொம்பப் புடைத்துப்போன மேடுகளை மட்டும் மண்வெட்டியால் செதுக்கி எடுத்தோம். பெரிய தரைகளுக்கு நேர்க்குத்தாகக் கீறுகிற பிளேடு வைத்த மெஷின்கள் உண்டு. 600 சதுர அடிக்கு இரண்டு கைகள் போதும், முதுகுவலி இலவசம்.

அடுத்து, முள் மாதிரி நீண்ட பல் கொண்ட கருவியைக் குத்தித் தரை முழுக்க ஓட்டைகள். மேலே, சலித்த செம்மண்ணும் நன்றாக மட்கின சாண எருவும் கலந்து அரை சென்டிமீட்டருக்கு மெல்லிசாகத் தூவி, துடைப்பத்தால் பரப்பினோம். கீழே இருக்கிற அதே மாதிரி மண்ணாகப் பார்த்துப் போடவேண்டும். வேறு ரக மண்ணைக் கனமாகப் போட்டால் அது இன்னொரு படையாக நின்றுவிடும். இந்தத் தூவல்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். மட்கவைக்கிற நுண்ணுயிரிகள் அந்த மண்ணோடும் எருவோடும் திரும்பி வருகின்றன, மிச்சம் இருக்கிற மெத்தையை அவை தின்னும்.

வெளியே வந்த நார் மொத்தம் பதினான்கு சாக்கு. பின்பக்கம் குழி போட்டுச் சாணிக் கரைசல் ஊற்றி வைத்தோம்.

முதல் பாகம் முடிந்த அன்று தரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழனி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அப்பா சாயங்காலம் நாற்காலியைப் போடவே இல்லை. உள்ளே போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் பயம்தான். இரண்டாவது முறையும் தப்புக் கணக்கோ என்று.

நாலாவது வாரம் மொட்டையில் முள் முளைத்தது. எட்டாவது வாரம் பச்சை மூடியது. செப்டம்பரில் மூன்று பாகமும் ஓரளவு ஒன்றாகிவிட்டன. மேடு செதுக்கின இரண்டு இடங்கள் மட்டும் ரொம்ப நாள் சொட்டையாகவே இருந்தன. இப்போது வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர், ஆனால் நன்றாக இறங்கும்படி. யூரியா கிடையாது, வருஷம் இரண்டு முறை எரு. வெட்டின புல் அங்கேயே கிடக்கிறது. போன மாசம் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன், வேர் செம்மண்ணுக்குள் விரல் நீளம் இறங்கி இருந்தது. கூடவே ஒரு மண்புழு. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் கிண்டல் செய்வீர்கள்.

ஒரு தகவலுக்காக: புல் வெட்டுகிற மெஷினை 1830ல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங். துணி மில்லில் துணியின் மேல் பிசிறைச் சீவுகிற எந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. மில் ஊர்க்காரனான எனக்கு இது ரொம்பப் பிடித்தது. மேலே சீவுவதற்கு அன்றே மெஷின் வந்துவிட்டது. கீழே பார்ப்பதற்கு இன்னும் குனியத்தான் வேண்டி இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா வராமல் இருந்தது பதினொரு வாரம், 4,400 ரூபாய். அதைக் கொடுக்கவேண்டும் என்று நான் சொன்னபோது, செய்யாத வேலைக்கு எப்படிக் கூலி என்று அப்பா கேட்டார். செய்யாத தப்புக்குத் தண்டனை கொடுத்தோமே என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கொடுத்தார். தாத்தா பாதியை வாங்கிக்கொண்டு மீதியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீங்க என்ன வேணும்னா பண்ணுனீங்க" என்றாராம். அந்த மீதி 2,200 இன்னும் என் நோட்டில் கொடுக்கவேண்டிய பாக்கியாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வேறு பெயரில் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார்.

அப்பா இன்றுவரை அவரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் வெட்டுகிற நாளில் இப்போது காபியை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார். இரண்டு பேரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மாடியிலிருந்து பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் புல்தரை இருக்கிறதோ இல்லையோ, போன தடவை ஏதோ ஒன்று தப்பாகப் போனபோது யார் கணக்கில் எழுதினீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தப்பு என்றால் திருத்த இன்னும் நேரம் இருக்கலாம்.

டிஸ்கி: அந்த வீடியோவை மறுபடியும் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பழி அதன்மேல் போட முடியாது. சொன்னது அது, நம்பியது நான்தானே.